தலைவர் இருந்த தொலைவு

பார்வையற்றோர் பள்ளிகளில் ஓவியம் கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது காட்சிக்கலை வாரியத்தில் எவரும் சிரிக்கவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பின்னாளில் சில உறுப்பினர்கள், தாம் அப்போதே வாய்க்குள் சிரித்துக்கொண்டதாகச் சொல்லித் திரிந்தார்கள். அது உண்மையன்று. கூட்டக் குறிப்பில் சிரிப்பு இடம்பெறவில்லை.

சுற்றறிக்கை இரண்டே வரி. எல்லாப் பள்ளிகளிலும் எவ்வித வேறுபாடும் இன்றி ஓவியம் பயிற்றுவிக்கப்படும். எல்லா மாணவரும் எவ்வித வேறுபாடும் இன்றி அதில் தேர்வு எழுதுவர். ஐம்பத்தேழு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அதை மூன்று முறை படித்தார். பத்து நாட்களுக்குள் ஓவிய ஆசிரியர் ஒருவரை நியமிக்காவிட்டால் பள்ளியின் அங்கீகாரம் மறுபரிசீலனைக்கு உள்ளாகும் என்று பின்குறிப்பு கூறியது. ஒன்பதாம் நாள் காலையில் பள்ளியின் வெளிக்கதவில் பெயர் எழுத ஒருவர் ஏணியோடு வந்தார். கடைப் பலகைகளும் லாரிகளின் முதுகும் எழுதிப் பிழைப்பவர்.

"நீங்க பெயிண்டர்தானே?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமாங்க. கேட்டுக்கு எழுத வந்தேன்."

"கேட் எங்கயும் ஓடாது. நீங்க உள்ள வாங்க."

அவர் உள்ளே போனார். வெளியே வரும்போது அரசாங்க முத்திரையிட்ட நியமனக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. ஏணி மட்டும் சுவரில் சாய்ந்தபடி நின்றது. கதவில் பள்ளியின் பெயர் பாதியோடு நின்றுபோனது.

வாரியம் தன் பங்குக்கு அறுபது வண்ணப்பெட்டிகளையும், கண்ணாடிச் சட்டமிட்ட வண்ண அட்டவணை ஒன்றையும் அனுப்பியது. அட்டவணை மாணவரின் கண் மட்டத்தில் மாட்டப்பட வேண்டும் என்பது விதி. கண் மட்டம் எதுவென்று கண்டறிய வாரியத்தின் அளவெடுப்பாளர் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு. குதிகாலில் லாடம் அடித்த காலணி. கையில் எஃகு நாடா. அவர் எவரிடமும் பேசவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தரையிலிருந்து கண்வரை ஒவ்வொருவரையும் அளந்தார். நாடா ஒவ்வொரு முறையும் 'கிளிக்' என்று திறந்து 'கிளிக்' என்று மூடியது. ஐம்பத்தேழு அளவுகளுக்கும் சராசரி கண்டு, சுவரில் ஆணி அடித்து அட்டவணையை மாட்டி, அதன் கீழே 'தொடாதீர்' என்ற சிறு பலகையையும் பொருத்திவிட்டுப் போனார்.

"சார், அந்த ஆளு என் கண்ணை அளந்தாரே, எவ்வளவு இருந்துச்சாம்?" என்று ஒரு குரல் கேட்டது.

"தரையிலேர்ந்து நாலடி," என்றார் பெயிண்டர்.

"நாலடிக் கண்ணா? அப்புறமும் தெரியலையே!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. கேட்டவளுக்குப் பதினொரு வயது. விடுதியில் நடப்பது எதுவும் ஐந்தே நிமிடத்தில் அவள் வாய்வழியாக எல்லோரையும் எட்டிவிடும் என்பதால் அவளைத் தந்தி என்று கூப்பிட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லை. தாய் ஒன்பது மணி நேரப் பேருந்துத் தொலைவில் ஒரு பொத்தான் ஆலையில் வேலை பார்த்தாள். ஆலைக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே விடுதியின் பதினான்காம் கட்டிலே தந்தியின் வீடு.

முதல் வகுப்பில் பெயிண்டர் வண்ணப்பெட்டிகளைத் திறந்து வைத்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பையன் கருநீலத்தைத் தின்று பார்த்து, மஞ்சளுக்கும் அதற்கும் சுவையில் வேறுபாடு இல்லை என்று அறிவித்தான். பெயிண்டர் பெட்டிகளை மூடினார். மறுநாள் பழைய லாரி ட்யூபை வெட்டிப் பலகைகளில் ஆணியடித்து இழுத்துக் கட்டினார். அதன்மேல் வழவழப்பான மெல்லிய தாளை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால், கோடு தாளின்மேல் மேடாக எழுந்தது. விரலால் தடவலாம்; படிக்கலாம். அழிக்க மட்டும் முடியாது.

பிள்ளைகள் மேசை வரைந்தார்கள். ஐம்பத்தேழு மேசைகளிலும் நான்கு கால்கள் நான்கு திசையில் நீட்டிக்கொண்டு, உத்தரத்திலிருந்து விழுந்த பல்லிபோல் கிடந்தன.

"தப்பு. இப்படிப் பார்த்தா ரெண்டு கால்தான் தெரியும்," என்றார் பெயிண்டர்.

"நாலு இருக்கே சார்," என்றான் நீலம் தின்றவன். "எந்த ரெண்டை விடட்டும்?"

பெயிண்டர் அன்று மாலை வகுப்பறை மேசையின் அடியில் புகுந்து, கண்களை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். நான்கு இருந்தன. அதன்பிறகு அவர் மேசைகளைத் திருத்தவில்லை.

தந்தியோடு ஏற்பட்ட உடன்படிக்கையும் அந்த வாரத்தில்தான். அவள் பூனை வரைந்திருந்தாள்.

"நல்லா இருக்கும்மா," என்றார் அவர்.

"வால் எங்க சார் இருக்கு?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால்... இல்ல."

"வேணும்னேதான் போடல. அப்ப ஏன் நல்லா இருக்குன்னீங்க?"

அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் எனக்கு நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. நான் பாடினாலும் நல்லா இருக்கு, விழுந்து எழுந்தாலும் நல்லா இருக்கு. நீங்க சரின்னா சரின்னு சொல்லுங்க, தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க சார். எனக்குப் பார்த்துச் சொல்ல வேற ஆள் இல்ல."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அரையாண்டுத் தேர்வின் தாள்கள் வாரியத்துக்குப் போயின. விடைத்தாள்களின் மடிப்பும் சுருக்கமும் நீங்குவதற்காக அவற்றைச் சூடான உருளைகளுக்கு இடையே செலுத்தி, அதன்பின் பிரித்துப் பார்ப்பது வாரியத்தின் நெடுநாள் வழக்கம். பார்வையற்றோர் பள்ளியின் தாள்களும், எவ்வித வேறுபாடும் இன்றி, அவ்வாறே செலுத்தப்பட்டன. மேடுகள் அனைத்தும் அடங்கின. மதிப்பீட்டாளர்கள் முன் ஐம்பத்தேழு வெற்றுத்தாள்கள் வந்து சேர்ந்தன.

வாரியம் மனம் தளரவில்லை. பார்வையற்றவர் காண்பதை அவர் வரைந்துள்ளார் எனக் குறித்து, ஒவ்வொரு தாளுக்கும் நாற்பத்தொரு மதிப்பெண் வழங்கியது. ஒரு தாளுக்கு மட்டும், தூய்மைக்காக, நாற்பத்து மூன்று. அது அன்று காய்ச்சலில் படுத்திருந்த பையனின் தாள். அவன் வரையவே இல்லை. இனிவரும் தேர்வுகளில் மை பயன்படுத்தப்பட வேண்டும், தொலைவில் உள்ளவை சிறிதாகக் காட்டப்பட வேண்டும் என்று இரண்டு அறிவுரைகளும் உடன் வந்தன.

மையை ஊற்றுவது எளிது. தொலைவை எப்படிக் கற்பிப்பது? பெயிண்டர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் கற்பித்தார். நீளமான கடைச்சுவரில் வரிசையாக எழுத்து எழுதுவதற்குமுன், ஓர் ஆணியடித்து அதிலிருந்து நூல் பிடிப்பது அவர் தொழிலின் வழக்கம். பலகையில் ஓர் ஆணியடித்து, அதிலிருந்து இரண்டு நூல்களை விரித்துக் கட்டிப் பிள்ளைகளின் விரல்களை அவற்றின்மேல் வைத்தார்.

"இந்தப் பக்கம் நீங்க. ஆணி தூரத்துல. நூலுக்கு நடுவுல இருக்கிற இடம் போகப் போகக் குறையுது பாருங்க. அதுதான் தூரம்."

பெரும்பாலோர்க்கு அது நூலாகவே இருந்தது. தந்தி மட்டும் ஆணிவரை விரலை ஓட்டிவிட்டுத் திரும்ப ஓட்டினாள். திரும்பவும் ஓட்டினாள்.

"சார், இது வராந்தால போற செருப்புச் சத்தம்."

"என்னது?"

"வார்டன் அம்மா நடந்து போவாங்கல்ல. கிட்ட இருக்கிறப்போ சத்தம் இவ்வளவு பெருசு. அப்புறம் இவ்வளவு. அப்புறம் இத்தனூண்டு. ஆணிகிட்ட போனதும் நின்னுடும். அப்ப ஆளும் இப்படித்தான் சிறுத்துப் போவாங்களா?"

"ஆமா," என்றார் பெயிண்டர். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக நூல் பிடித்தும் அவருக்கு இது தோன்றியதில்லை.

ஆண்டுத் தேர்வில் தந்தி விடுதியின் நடைபாதையை வரைந்தாள். இரு பக்கச் சுவர்களும் ஒரு புள்ளியை நோக்கி நெருங்கின. பதினான்கு கதவுகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்தன. கடைசியில் ஒரு விரல்நுனி உயரத்துக்கு வார்டன். ஆண்டுத் தேர்வுத் தாள்களில் மட்டும் பள்ளியின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். மதிப்பீட்டாளர் தொண்ணூற்று நான்கு போட்டார். அந்த ஆண்டு எந்தப் பள்ளியிலும் எந்த மாணவரும் பெறாத மதிப்பெண் அது.

பள்ளியில் கைதட்டினார்கள். தலைமையாசிரியை தந்தியின் கன்னத்தைக் கிள்ளினார். பதினோராம் நாள் லாடக் காலணியின் ஓசை நடைபாதையில் கேட்டது.

அளவெடுப்பாளர் தந்தியின் வெள்ளைக்கோலை அளந்து, நீளத்தைக் குறித்துக்கொண்டு, எடுத்துக்கொண்டார். அவளுடைய புள்ளியெழுத்துப் புத்தகங்களை எடைபோட்டுக் கட்டினார். பதினான்காம் கட்டிலின் நீள அகலத்தை அளந்தார். பிறகு ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மாணவிக்குப் பார்வை உள்ளமை மதிப்பெண்வழி உறுதிப்படுவதால், முப்பது நாட்களுக்குப் பின் அவர் விடுதிக்கும் பள்ளிக்கும் உரியவர் அல்லர். பொதுப்பள்ளியில் சேர்ந்து கரும்பலகையைப் பார்த்துப் பயில்க. வாழ்த்துகள்.

பெயிண்டர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். நீண்ட கூடம், இருபுறமும் மூடிய கதவுகள், ஒவ்வொரு கதவின் பின்னும் யாரோ தாளைக் கிழிக்கும் ஓசை. கடைசிக் கதவின் பின்னால் செயலர் இருந்தார். மென்மையான குரல், கைகுலுக்கும்போது கையை விடாமல் பேசும் பழக்கம்.

"உட்காருங்கள். உங்கள் மகிழ்ச்சியில் நாங்களும் பங்குகொள்கிறோம்."

"ஐயா, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்க. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு."

"மருத்துவர் கண்ணைப் பார்த்தார். நாங்கள் படத்தைப் பார்த்தோம்," என்றார் செயலர். "விதி ஒன்பதைக் கேளுங்கள். பார்வையற்றவர் காட்சிக்கலையில் அறுபதுக்குமேல் பெற இயலாது. இவர் தொண்ணூற்று நான்கு பெற்றுள்ளார். இப்போது இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். வாரியம் தவறாக மதிப்பெண் வழங்கிவிட்டது. அல்லது அவருக்குப் பார்வை இருக்கிறது. முதலாவது நிகழ்ந்ததே இல்லை. நான் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன்."

"அவளை ஒரு தடவை நேர்ல கூப்பிட்டுப் பாருங்களேன்."

"பார்ப்போம். மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. எங்கள் முன்னிலையில் மீண்டும் வரையட்டும். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கினால் பார்வையற்றவராகத் தொடரலாம்." அவர் பெயிண்டரின் கையை இன்னும் விடவில்லை. "உங்கள் கையில் வண்ணம் ஒட்டியிருக்கிறதே. ஓவியருக்கு அது நல்லதல்ல."

அந்த வாரக் கடைசியில் தந்தியின் தாய் வந்தாள். வாரியத்தின் வாழ்த்துக் கடிதத்தின் நகல் அவளுக்கும் போயிருந்தது. ஆலையில் லீவு சொல்லாமல் ஓடி வந்திருந்தாள். கையில் ஒரு பொட்டலம். நடைபாதையில் நின்ற மகளின் முன்னால் போய் நின்றாள், பேசவில்லை. மகள் தன்னைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தாள்.

தந்தி முகத்தைத் திருப்பி, மூக்கை உறிஞ்சினாள். "மெஷின் எண்ணெய் வாசம். அம்மாவா?"

தாய் பொட்டலத்தைப் பிரித்தாள். "கண்ணு, இது என்ன கலர்னு சொல்லு. உனக்குப் பிடிச்ச கலரா பார்த்து மாத்திக்கலாம்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வாங்கினேன்."

தந்தி சட்டையைத் தடவினாள். கழுத்துப் பட்டையில் விரல் நின்றது.

"புதுசும்மா," என்றாள்.

தாய் கடிதத்தைப் பெயிண்டரிடம் நீட்டினாள். "லெட்டர்ல போட்டிருக்கே சார். சீல் எல்லாம் குத்தியிருக்கே."

பெயிண்டர் கடிதத்தை வாங்கிப் படிப்பதுபோல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"இங்கேர்ந்து அனுப்பிட்டா நான் இவளை எங்க வெச்சுக்கறது?" என்றாள் தாய். "ஷெட்டுல ஷிப்டுக்கு ஷிப்டு ஒரே பாயில மாறி மாறிப் படுக்கிறோம். மெஷின் பக்கம் புள்ளைய விட மாட்டாங்க. விட்டாலும், கோல் இல்லாம..." அவள் மாலைப் பேருந்தில் திரும்பிவிட்டாள். சட்டை சிவப்பு.

மேல்முறையீட்டுக்கு எட்டு நாட்கள் இருந்தன. எட்டு நாட்களும் பெயிண்டர், தாம் கற்பித்ததைத் திரும்பப் பெற முயன்றார்.

"மேசை போடு. காலை நாலு பக்கமும் நீட்டு," என்றார்.

"இது ரெண்டாம் கிளாஸ் மேசை சார்."

"அதேதான் வேணும்."

"கேவலமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"தந்தி, என்கிட்ட கத்துக்க," என்றான் நீலம் தின்றவன். "எனக்கு இயற்கையாவே வரும். நான் போட்ட யானையைத் தலைமையாசிரியைம்மா சட்டின்னு சொன்னாங்க."

தந்தி சிரித்தாள். எட்டாம் நாள் அவளுடைய மேசை போதிய அளவு கெட்டிருந்தது.

வாரியத்தின் மன்றம் ஒரே மேசையால் ஆனது. பக்கத்துக்குப் பன்னிரண்டு நாற்காலிகள். கோடியில், மேடைமேல், தலைவர்; அவர் முன்னால் ஒரு வெண்கல மணி. இந்தக் கோடியில், கதவை ஒட்டி, மனுதாரரின் ஸ்டூல். அதில் தந்தியை உட்காரவைத்தார்கள். அவளுக்கு அருகே தண்ணீர்க் கூஜாவோடு பியூன் நின்றார்; வாயால் மூச்சுவிடுபவர். பெயிண்டரும் தலைமையாசிரியையும் பின்னால் நின்றார்கள். அளவெடுப்பாளர் சுவரோரமாக இருந்தார்.

தலைவர் மணியை அடித்தார். "இம்மன்றத்தை வரைக. எழுந்து நடத்தல் கூடாது. எதையும் தொடுதல் கூடாது."

தந்தி குனிந்து, மேசையொன்றைப் போடத் தொடங்கினாள். முதல் கால் வடக்கே போயிற்று, இரண்டாவது கிழக்கே. தலைமையாசிரியை மூச்சை விட்டார். மூன்றாவது காலின்போது தலைவருக்குப் பேச வேண்டும் என்று தோன்றியது.

"நாங்கள் கொடியவர்கள் அல்லர். பார்வையற்றோர்பால் இவ்வாரியம் கொண்டுள்ள பரிவு அளக்கப்பட்டு, ஆண்டறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் அட்டவணையாக உள்ளது. பார்வையற்ற குழந்தைக்கு அருகு உண்டு, தொலைவு இல்லை. கைக்கு எட்டாதது அதன் உலகில் இல்லவே இல்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. எட்டாதது ஒன்று இருக்கிறது என்றே அறியாத உயிருக்கு ஏக்கம் ஏது? பல இரவுகளில் நானே பொறாமைப்பட்டதுண்டு. ஆகவே ஒரு குழந்தை தொலைவை வரையுமானால், அது பார்வையை ஒளித்துவைத்து எங்களை ஏமாற்றுகிறது. அல்லது வேறொரு கை வரைந்திருக்கிறது. குழந்தாய், நீயே சொல். தொலைவு என்றால் என்ன?"

பேனா நின்றது.

"எங்கம்மா பட்டன் ஃபேக்டரியில இருக்காங்க," என்றாள் தந்தி. "பஸ்ஸுல ஒன்பது மணி நேரம். அது தொலைவு இல்லீங்களா?"

"அது போக்குவரத்து," என்றார் தலைவர்.

உறுப்பினர்கள் இருபத்து நால்வரும் குறித்துக்கொண்டார்கள்.

தந்தி தாளை உருவி எடுத்து மடித்துக் கீழே போட்டாள். "அண்ணே, இன்னொரு தாள் கொடுங்க," என்று பியூனிடம் கேட்டாள்.

"தந்தி, வேண்டாம்," என்றார் தலைமையாசிரியை. மணி அடித்தது. அமைதி.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பியூனின் மூச்சு. கூஜாவில் தண்ணீர் அலம்பும் ஓசை. நாற்காலிகளின் முனகல்கள், ஒன்றைவிட ஒன்று மெலிந்து. எங்கோ கோடியில் மணியின் அதிர்வு அடங்கிக்கொண்டிருந்தது. பிறகு நாற்பது நிமிடம் தலை தூக்காமல் வரைந்தாள்.

தாள் மேசையின் நெடுகக் கைமாறிக் கைமாறித் தலைவரிடம் போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் ஒவ்வோர் உறுப்பினரும் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் அடுத்தவரிடம் தள்ளினார். தாளின் கால்பங்கை ஒரு கை அடைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கூஜா. அதற்கு அப்பால் மேசையின் இரு விளிம்புகளும் நெருங்கி நெருங்கிப் போயின. நாற்காலிகள் சிறுத்துக்கொண்டே போயின. விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய மணி. மணியின் பின்னால் எள்ளளவில் ஏதோ ஒன்று.

"இந்தப் பெரிய கை யாருடையது?" என்றார் தலைவர்.

"பியூனுடையது ஐயா," என்றார் செயலர்.

பியூன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மணிக்குப் பின்னால் இருப்பது?"

செயலர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மீண்டும் பிடித்தார். "ஒருவேளை... அழுக்காக இருக்கலாம்."

"நீங்கதான்," என்றது கோடியிலிருந்து தந்தியின் குரல்.

தலைவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "ஆசிரியர் முன்னே வரட்டும்," என்றார்.

பெயிண்டர் மேசையோரமாக நடந்தார். நடக்க நடக்கத் தலைவர் பெரிதானார். அருகே போனபோது தலைவர் எல்லோரையும்போல் ஓர் ஆள் அளவில்தான் இருந்தார்; இதை எவரிடமும் சொல்லக் கூடாது என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார்.

"இந்தப் படம் சரியா, தவறா? ஒரே சொல்லில் விடை தருக."

விடை எது என்பதில் பெயிண்டருக்குக் குழப்பமே இல்லை. தவறு என்று சொன்னால் படத்துக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லையென்றால் பார்வை இல்லை. கோல் திரும்பும், கட்டில் திரும்பும், அவரும் ஏணியை எடுத்துக்கொண்டு வீடு போகலாம். மன்றத்தில் இருந்த எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தார்கள். "தப்புன்னு சொல்லுங்க சார்," என்று தலைமையாசிரியை கோடியிலிருந்து வாய்விட்டே கெஞ்சினார்.

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். அந்தத் தொலைவிலிருந்து தந்தி விரல்நுனி உயரமே இருந்தாள். சிவப்புச் சட்டை. காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"சரி," என்றார் பெயிண்டர்.

"உரக்கச் சொல்லுக."

"சரியாத்தான் இருக்குங்க. நீங்க அங்கேர்ந்து அவ்வளவுதான்."

பிறகு நடந்தவற்றில் கூச்சல் இல்லை. தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. தலைவரை எள்ளளவாகக் காணும் எவருக்கும் பார்வை இருக்க இயலாது. ஆகவே மாணவி பார்வையற்றவரே. அவருடைய கோல், நூல்கள், கட்டில் ஆகியவை திரும்ப வழங்கப்படும். முந்தைய மதிப்பெண் எழுத்தரின் கைப்பிழை. அப்படத்தைச் சரியெனக் கண்ட ஆசிரியரும் அவ்வாறே காண்பவர் ஆதலால், அவரும் பார்வையற்றவரே. பார்வையற்றவர் காட்சிக்கலை கற்பித்தல் விதிமுரண். தனித்து விடுதல் மனிதநேயம் அன்று. இனி ஓவியங்களில் பொருள்கள் தொலைவுக்கு ஏற்பவும், அலுவலர்கள் பதவிக்கு ஏற்பவும் அளவுபெறுவர். ஒருமனதாக நிறைவேறியது. அளவெடுப்பாளர் சுவரை விட்டு வந்து, தரையிலிருந்து பெயிண்டரின் மார்புவரை நாடாவை இழுத்தார். கிளிக்.

வெள்ளைக்கோல் நான்கு நாளில் வந்தது. தூரிகைகளும் ஏணியும் பலகை எழுதும் உரிமமும், அவருடைய பாதுகாப்பை முன்னிட்டு, எடுத்துச் செல்லப்பட்டன. பெயிண்டர் மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவருடைய கண்ணைச் சோதித்து, குறையேதும் இல்லை என்று முணுமுணுத்துவிட்டு, சான்றிதழைக் கேட்டபோது சன்னலைச் சாத்தினார். "எனக்கும் குடும்பம் இருக்கு சார். நீங்க படியில பார்த்து இறங்குங்க," என்றார். விடுதியில் அவருக்காக ஐம்பத்தெட்டாம் கட்டில் போடப்பட்டது.

புதிய ஓவிய ஆசிரியர் வாரியத்திலிருந்தே வந்தார், இளைஞர், பாடத்தைப் பார்த்து வாசிப்பவர்.

"தலைவர் தொலைவில் அமர்ந்திருக்கிறார். எனினும் பெரிதாக இருக்கிறார். வரைக."

ஐம்பத்தெட்டுத் தலைகள் குனிந்தன. சற்று நேரத்தில் பெயிண்டரின் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"சார்," என்றாள் தந்தி மெதுவாக. "தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க. சரியா, தப்பா?"

அவர் பார்க்காமல் விரலால் தடவினார். தலைவர் தாளை அடைத்துக்கொண்டிருந்தார். காதுகள் விளிம்புக்கு வெளியே போயிருந்தன.

"தப்பு."

"அப்பாடா. நாப்பத்தொண்ணு வந்துடும்."

அவள் அந்தத் தாளின் அடியிலிருந்து இன்னொரு தாளை நகர்த்தினாள். மை இல்லாத பேனாவால் வரைந்தது. கண்ணுக்கு வெறும் தாள். அவர் தடவினார். விடுதி நடைபாதை. இரு சுவர்கள், சிறுத்துப் போகும் கதவுகள், ஒரு புள்ளி.

"இது?"

"சரி. ஆனா வராந்தாவுல யாருமே இல்லையே."

"இருங்க சார். இப்பதான் வர்றாங்க."

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது: நடைபாதையின் கோடியில், மிக மெல்ல, லாடத்தின் ஓசை. தந்தி புள்ளியின் அருகே எள்ளளவில் ஓர் ஆளைப் போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு முறை, கொஞ்சம் பெரிதாக. அதற்குக் கீழே இன்னும் பெரிதாக. பேனா தாளின் அடிவிளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது. புதிய ஆசிரியர் வாசிப்பதை நிறுத்தி எழுந்து நின்றார்.

"யாருக்கு சார் அளவு?" என்று கேட்டாள் தந்தி.

தாளில் இடம் முடிந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கதவுக்கு வெளியே நாடா கிளிக் என்று திறந்தது.